பொது ஆவணங்கள் வழிச் சொத்துத் தேடல் (தருமபுரி மாவட்டம்)

பொது ஆவணங்கள் வழிச் சொத்துத் தேடல் என்பது ஒருவருக்கு உரிமையான நிலம், வீடு, நிறுவன உரிமை முதலிய சொத்துகளை, பொதுமக்கள் பார்வையிடத்தக்க அரசுப் பதிவேடுகளைக் கொண்டு கண்டறியும் முறை ஆகும். தீர்ப்புப் பெற்றும் பணத்தைப் பெற இயலாத கடனீந்தோர், வாழ்க்கைப் பொருளுதவி (ஜீவனாம்சம்) கோரும் மனைவி, பாகம் கோரும் வாரிசு, நிதி நிறுவனத்தில் சேமிப்பை இழந்த வைப்பாளர் ஆகியோருக்கு இத்தேடல் இன்றியமையாததாகிறது.

இந்தியாவில் ஒருவரது எல்லாச் சொத்துகளையும் ஒருங்கே காட்டும் பொதுப் பதிவேடு எதுவும் இல்லை. நிலப் பதிவேடுகள் பெரும்பாலும் நிலத்தின் வரிசையில் அமைந்தவை. ஆளின் வரிசையில் அமைந்தவை அல்ல. மேலும், ஒவ்வோர் அலுவலகமும் தன் எல்லைக்கு உட்பட்டதை மட்டுமே அறியும். ஆகவே "இவருக்கு என்ன சொத்து இருக்கிறது?" என்ற வினாவை "எந்த ஊரில், எந்த அலுவலகத்தில், எந்தப் பெயரில் தேட வேண்டும்?" என்ற வினாவாக மாற்றிக்கொள்வதே இத்தேடலின் அடிப்படை ஆகும்.

தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும். இம்மாவட்டத்தின் எல்லைகள் இருமுறை பெரிதும் மாறியுள்ளன. மேற்கே கருநாடக மாநிலம் உள்ளது. இங்கிருந்து பெங்களூர், ஓசூர், திருப்பூர் ஆகிய நகரங்களுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். எனவே ஒரே குடும்பத்தின் சொத்து பல மாவட்டங்களிலும் இரு மாநிலங்களிலும் பரவியிருப்பது இயல்பு.

வரலாறு

நிலத்தை வயல் வயலாக அளந்து, எண்ணிட்டு, உழவர் பெயரில் பதியும் முறைக்கும் இப்பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி, 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கைமாறியது. அதன் வருவாய் நிருவாகம் கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு உதவியாக இருந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ ஆவார். இவர்கள் இங்கு மேற்கொண்ட நில அளவையும் வரி நிர்ணயமும் இரயத்துவாரி முறைக்கு வித்திட்டன.

இடைத்தரகர் இன்றி உழவரிடமே வரி வாங்க வேண்டுமானால், எந்த வயல் யாருடையது என்பது அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டாவும் புல எண்ணும் (சர்வே எண்) இத்தேவையிலிருந்து வளர்ந்தவை. அவற்றின் நோக்கம் வரி வசூல். ஒருவரது செல்வத்தை மதிப்பிடுவது அன்று. இன்றும் இப்பதிவேடுகளில் தேடுவோர் சந்திக்கும் இடர்ப்பாடுகளுக்கு இதுவே முதற்காரணம் ஆகும்.

எல்லை மாற்றங்கள்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது. ஆகவே ஒரே நிலம் காலத்திற்கேற்ப வெவ்வேறு மாவட்டப் பெயர்களில் குறிக்கப்பட்டிருக்கும். 1960-இல் எழுதப்பட்ட பாலக்கோட்டு நிலப் பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றிருக்கும். 1990-இல் வாங்கிய ஓசூர் மனையின் பத்திரத்தில் தருமபுரி மாவட்டம் என்றிருக்கும். அம்மனை இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது.

வட்டங்களும் மாறியுள்ளன. தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி ஆகியவற்றுடன் காரிமங்கலம், நல்லம்பள்ளி ஆகியவை பின்னர்ச் சேர்ந்து இன்று 7 வட்டங்கள் உள்ளன. காரிமங்கலம் பகுதிச் சிற்றூர்கள் பழைய ஆவணங்களில் பாலக்கோடு வட்டத்தின் கீழும், நல்லம்பள்ளி பகுதிச் சிற்றூர்கள் தருமபுரி வட்டத்தின் கீழும் காணப்படும். வருவாய் வட்ட எல்லையும் சார் பதிவாளர் அலுவலக எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எனவே வருவாய்க் கிராமத்தின் பெயரை உறுதி செய்துகொண்டு, அக்கிராமம் எந்தெந்த ஆண்டுகளில் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என அறிவது தேடலின் முதற்படி ஆகும்.

நில ஆவணங்கள்

நிலம் பற்றிய ஆவணங்களை இரு துறைகள் பேணுகின்றன. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடையளிப்பவை.

வருவாய்த்துறை ஆவணங்கள், நிலம் இன்று யார் பெயரில் உள்ளது என்பதைக் காட்டுவன:

- "அ" பதிவேடு: ஒரு கிராமத்தின் நிலங்கள் புல எண் வரிசையில் பதியப்பட்டது.
- சிட்டா: பட்டாதாரர் வாரியாக அமைந்தது. ஒரு பட்டா எண்ணின் கீழ் அக்கிராமத்தில் உள்ள நிலங்கள் அனைத்தும் ஒரே இடத்தில் காணப்படும்.
- அடங்கல்: பயிர், சாகுபடி விவரங்களைக் கொண்டது.
- புலப்படம்: நிலத்தின் அளவையும் உட்பிரிவுகளையும் காட்டும் வரைபடம்.

தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றைப் பார்வையிடலாம். பட்டா எண் ஒவ்வொரு கிராமத்திற்கும் தனித்தனியானது. பாலக்கோட்டில் ஒரு பட்டாவைக் கண்டுபிடித்தால், அதே நபருக்கு அரூரில் உள்ள பட்டா தானாகத் தெரியவராது. மேலும், 1980-களில் நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது (யூ.டி.ஆர்.) பல நிலங்களின் உட்பிரிவு எண்கள் மாறின. அதற்கு முந்தைய ஆவணங்களைத் தேடுவோர் பழைய எண்ணையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பதிவுத்துறை ஆவணங்கள், நிலம் எவ்வாறு கைமாறியது என்பதைக் காட்டுவன. கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை முதலிய பத்திரங்கள் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதியப்படுகின்றன. குறிப்பிட்ட புல எண்ணில் குறிப்பிட்ட ஆண்டுகளில் பதியப்பட்டவற்றின் பட்டியலே வில்லங்கச் சான்று ஆகும். 2018-இல் தொடங்கப்பட்ட ஸ்டார் 2.0 மென்பொருளுக்குப் பின், இதனைப் பதிவுத்துறையின் இணையதளத்திலும் பார்வையிட முடிகிறது.

பெயர்வழித் தேடல்

வில்லங்கச் சான்று பெறப் புல எண் தேவை. ஆனால் சொத்தைத் தேடுபவருக்குத் தெரிந்திருப்பது பெரும்பாலும் ஆளின் பெயரே. இந்த இடைவெளியை நிரப்பும் வழி பதிவுச் சட்டத்திலேயே உள்ளது. சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, பதிவு அலுவலகங்கள் பல அட்டவணைகளைப் பேண வேண்டும். அவற்றுள் முதல் அட்டவணை எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் ஆகியோரின் பெயர் வரிசையிலும், இரண்டாம் அட்டவணை சொத்தின் வரிசையிலும் அமையும். 57-ஆம் பிரிவின்படி, உரிய கட்டணம் செலுத்தும் எவரும் முதற்புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் பார்வையிடலாம். பார்வையிடுபவர் அச்சொத்தோடு தொடர்புடையவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்பிரிவில் இல்லை.

பெயர்வழித் தேடலின் முதன்மை இடர்ப்பாடு எழுத்து வேறுபாடு ஆகும். தமிழ்ப் பெயரின் முதலெழுத்து தந்தை பெயரைக் குறிப்பது. குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. ஒரு வட்டத்தில் "மா. முருகன்" என்ற பெயரில் பலர் இருப்பர். அதே மனிதர் ஓர் ஆவணத்தில் "முருகன்" எனவும், மற்றொன்றில் "மாது மகன் முருகன்" எனவும், வேறொன்றில் "முருகேசன்" எனவும் குறிக்கப்பட்டிருக்கலாம். எனவே தந்தை பெயர், பாட்டனார் பெயர், ஊர், வயது ஆகியவற்றை ஒப்பிடாமல் பெயர் ஒற்றுமையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. தவறான ஆளின் நிலத்தின் மீது நடவடிக்கை எடுக்கப்படின் துன்பம் அடைபவர் வழக்கோடு தொடர்பில்லாதவராக இருப்பார்.

வில்லங்கச் சான்றில் காணப்படாதவை

வில்லங்கம் எதுவும் இல்லை என்ற சான்று, சொத்து இல்லை என்பதற்கோ சிக்கல் இல்லை என்பதற்கோ சான்று ஆகாது. பின்வருவன அதில் இடம்பெறாமல் போகலாம்:

- பதியப்படாத ஒப்பந்தங்கள், வாய்மொழிப் பாகப்பிரிவினைகள்.
- உயில்கள். இவை மூன்றாம் புத்தகத்தில் பதியப்படுபவை. எழுதியவர் உயிரோடிருக்கும் வரை பிறர் பார்வையிட இயலாது.
- மரபுரிமையாக வந்த நிலம். பாட்டனார் பெயரிலேயே பட்டா தொடர்ந்தால், பேரனின் பெயர் எந்த ஆவணத்திலும் தோன்றாது. ஆயினும் பிரிக்கப்படாத பாகமும் சொத்தே ஆகும். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தாலும், நாடு முழுவதும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்கள் பெற்ற உரிமையும் இவ்வாறே பல ஆவணங்களில் பெயரின்றி நிற்கிறது.
- வன உரிமைச் சட்டம், 2006-இன் கீழ் வழங்கப்பட்ட உரிமைகள். இவை வாரிசுக்குச் செல்லும்; பிறருக்கு மாற்ற இயலாது.
- பிறர் பெயரில் வாங்கிய பினாமிச் சொத்து. இதனைத் தடை செய்யும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் விரிவாகத் திருத்தப்பட்டது.

மாவட்ட, மாநில எல்லைகளைக் கடந்த தேடல்

ஒரே பத்திரத்தில் பல அலுவலக எல்லைகளைச் சேர்ந்த நிலங்கள் இருந்தால், பதிந்த அலுவலர் அதன் குறிப்பை மற்ற அலுவலகங்களுக்கு அனுப்புமாறு பதிவுச் சட்டத்தின் 64, 65-ஆம் பிரிவுகள் கூறுகின்றன. ஆகவே பாலக்கோட்டில் கிடைக்கும் ஒரு பத்திரம் ஓசூரில் உள்ள நிலத்தையும் காட்டிக் கொடுக்கலாம்.

கருநாடகத்தில் நில உரிமை, பயிர் விவரங்கள் "பூமி" திட்டத்தின் கீழ்க் கணினிமயமாக்கப்பட்டுள்ளன. பகாணி எனப்படும் ஆவணம் தமிழ்நாட்டுச் சிட்டா, அடங்கல் ஆகியவற்றின் பணியைச் செய்கிறது. பத்திரப் பதிவுகளும் வில்லங்கச் சான்றும் "காவேரி" மென்பொருளின் வழிக் கிடைக்கின்றன. அங்கும் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவை தேவை. கன்னட எழுத்தில் பதியப்பட்ட தமிழ்ப் பெயர் மேலும் ஒருமுறை உருமாறியிருக்கும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மாநில எல்லையால் கட்டுப்படாத பதிவேடுகளும் சில உள்ளன:

- நிறுவனப் பதிவேடு: நடுவண் அரசின் நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில், நிறுவனங்களின் இயக்குநர்கள், ஆண்டறிக்கைகள், சொத்தின் மீதான பிணைப் பொறுப்புகள் ஆகியவற்றைக் காணலாம். இயக்குநர் அடையாள எண் ஒருவரை அவரது பிற நிறுவனங்களோடு இணைத்துக் காட்டும்.
- செர்சாய் எனப்படும் நடுவண் பிணைப் பதிவகம்: 2011-இல் செயற்படத் தொடங்கியது. வங்கிகளிடம் அடமானம் வைக்கப்பட்ட சொத்துகளைக் கட்டணம் செலுத்தித் தேடலாம். கடன் பெற்றவரைக் கொண்டும் தேட இயலும் என்பது இதன் சிறப்பு.
- வேட்பாளர் உறுதிமொழி ஆவணம்: உச்சநீதிமன்றம் 2002 மே 2 அன்று அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, தேர்தலில் போட்டியிடுவோர் தம்முடையதும் துணைவருடையதும் தம்மைச் சார்ந்தோருடையதுமான சொத்து விவரங்களை அளிக்க வேண்டும். இவ்வகையினர் நாடு முழுவதும் அறிவித்த சொத்தை ஒரே ஆவணத்தில் காணலாம்.

பிற நாடுகளிலும் முறைகள் வேறுபடுகின்றன. இங்கிலாந்து, வேல்சு நிலப் பதிவகத்தின் பதிவேடு 1990 டிசம்பர் 3 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எனினும் பொதுவாகச் சொத்தின் முகவரியைக் கொண்டே அதில் தேட இயலும். பெயரைக் கொண்டு தேடுவது கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் கவுண்டி தோறும் உள்ள பதிவகங்களில், விற்றவர், வாங்கியவர் பெயர்வாரியான அட்டவணைகள் உள்ளன. இவை நமது முதல் அட்டவணையை ஒத்தவை.

நடைமுறையில்: இரு எடுத்துக்காட்டுகள்

தமிழ்நாட்டில் பதிவேடுகள் பெருமளவில் சான்றாகப் பயன்பட்ட வழக்குகளுள் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா மீதான வருமானத்திற்கு மீறிய சொத்துக் குவிப்பு வழக்கு குறிப்பிடத்தக்கது. 1991 சூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரையிலான காலம் இதில் ஆராயப்பட்டது. சொத்துகள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் ஐதராபாத்திலும் இருந்தன. பல நிலங்கள் நிறுவனங்களின் பெயரில் வாங்கப்பட்டிருந்தன. 2003-இல் வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. 2014 செப்டம்பர் 27 அன்று சிறப்பு நீதிமன்றம் தண்டனை வழங்கியது. 2015 மே 11 அன்று கருநாடக உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்சநீதிமன்றம் சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை மீட்டளித்தது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று காலமானதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. நில ஆவணத்தையும் நிறுவன ஆவணத்தையும் சேர்த்துப் படித்தாலன்றி முழு உரிமை விளங்காது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

இரண்டாவது, வைப்பாளர்களின் நிலை. தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997-இன்படி, பணத்தைத் திருப்பித் தராத நிதி நிறுவனத்தின் சொத்தையும், அது போதாதவிடத்து அதனை நடத்தியவர்களின் சொத்தையும் அரசு முடக்கலாம். இச்சட்டம் செல்லும் என 2011-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் செலுத்தியோர் தாம் அறிந்த புல எண்களையும் பத்திர எண்களையும் உரிய அலுவலரிடம் எழுத்து மூலம் அளிப்பது முடக்கப்படும் சொத்தின் பட்டியல் முழுமை பெற உதவும்.

நீதிமன்றத்தின் வழி

பொது ஆவணத் தேடல் நீதிமன்ற நடவடிக்கைக்கு மாற்று அன்று, அதற்குத் துணை. உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், 1908 பின்வரும் வழிகளைத் தருகிறது:

- கட்டளை 21, விதி 41: பணத் தீர்ப்பு 30 நாள்களுக்கு மேல் நிறைவேறாதிருந்தால், கடனாளி தன் சொத்துகளை உறுதிமொழி ஆவணமாகத் தாக்கல் செய்யுமாறு ஆணையிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கலாம்.
- பிரிவு 39: தீர்ப்பை நிறைவேற்றும் பொருட்டு, சொத்து உள்ள எல்லையின் நீதிமன்றத்திற்கு மாற்றலாம். தருமபுரித் தீர்ப்பைப் பெங்களூருக்கும் மாற்ற இயலும்.
- பிரிவு 46: மாற்றம் முடியும் முன் சொத்து விற்கப்படாதிருக்க, வேறு நீதிமன்றத்தின் வழியாக இரு மாதங்களுக்குப் பற்றுகை (ஜப்தி) செய்விக்கலாம்.
- பிரிவு 44-அ: சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய இராச்சியம், 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட அறிவிக்கப்பட்ட நாடுகளின் தீர்ப்புகளை இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றலாம்.

பணத் தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் காலவரம்பு பொதுவாக 12 ஆண்டுகள் ஆகும். வாழ்க்கைப் பொருளுதவி வழக்குகளில் இரு தரப்பினரும் சொத்து, வருமான விவரங்களை உறுதிமொழி ஆவணமாக அளிக்க வேண்டும் என 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்சநீதிமன்றம் நெறிப்படுத்தியது.

தேடலின் படிமுறை

பென்னாகரம் வட்டத்தில் வாழும் பெண் ஒருவர் வாழ்க்கைப் பொருளுதவி கோரியுள்ளார் எனக் கொள்வோம். பெங்களூரில் கட்டட வேலை மேற்கொண்டுள்ள கணவர், தமக்குச் சொத்து எதுவும் இல்லை என்கிறார். தேடல் பின்வருமாறு அமையலாம்.

முதலில் கணவர், அவர் தந்தை, பாட்டனார், உடன்பிறந்தார் ஆகியோரின் பெயர்களை, குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றில் உள்ள வடிவங்களோடு எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து, குடும்பத்தின் பூர்வீகக் கிராமத்தில் அப்பெயர்களில் உள்ள தனிப்பட்டா, கூட்டுப்பட்டா ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிடைத்த ஒவ்வொரு புல எண்ணுக்கும் குறைந்தது 30 ஆண்டு வில்லங்கம் பார்த்தல் நலம்.

பின்னர்ப் பத்திரங்களின் நகலைப் படிக்க வேண்டும். பத்திரத்தில் இரு பகுதிகள் புதிய தடயங்களைத் தருபவை. ஒன்று, சொத்து முன்னர் எவ்வாறு கிடைத்தது எனக் கூறும் பகுதி. இதில் முந்தைய ஆவண எண் இருக்கும். மற்றொன்று நான்கெல்லை விவரம். "நம்முடைய மற்றொரு நிலத்துக்கு மேற்கு" என ஓர் எல்லை கூறுமாயின், பக்கத்தில் தேடப்படாத நிலம் ஒன்று இருப்பது புலனாகும்.

வழக்கு அறிவிப்புக்குச் சற்று முன்னர்க் கணவர் தம் பாகத்தைத் தம்பிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருப்பதாக வில்லங்கம் காட்டலாம். கடனீந்தோரை ஏய்க்கும் நோக்கில் செய்யப்பட்ட மாற்றத்தைச் செல்லாததாக்கக் கோரச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனவே தேதிகளின் வரிசை முக்கியமானது. கணவர் நீதிமன்றத்தில் அளிக்கும் உறுதிமொழி ஆவணத்தோடு இவ்விவரங்களை ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சான்றிட்ட நகல்களுடன் காட்ட வேண்டும். வாழ்க்கைப் பொருளுதவி ஆணையை, ஆணையிடப்பட்டவர் இருக்கும் இடத்தின் குற்றவியல் நடுவர் வழியாகவும் நிறைவேற்ற முடியும்.

வரம்புகள்

வங்கிக் கணக்கு, வருமானவரி அறிக்கை, அஞ்சலகச் சேமிப்பு ஆகியவை பொது ஆவணங்கள் அல்ல. ஊழியர் ஒருவரின் சொத்து, வருமானவரி விவரங்கள் தனிப்பட்ட தகவல்கள் என 2012-இல் கிரீஷ் தேசுபாண்டே வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவற்றைப் பெறுவது அரிது. இவை தேவைப்படின் நீதிமன்ற ஆணை மூலமே பெற வேண்டும். வங்கி ஊழியருக்குக் கையூட்டுக் கொடுத்தோ, பிறர் பெயரில் நடித்தோ பெறும் விவரம், தேடியவரையே குற்றவாளி ஆக்கக்கூடும்.

பட்டாவோ பத்திரப்பதிவோ மறுக்கவியலாத உரிமைக்குச் சான்று அல்ல. இந்தியாவில் பதிவு என்பது ஆவணம் எழுதப்பட்டதைப் பதிவதே அன்றி, எழுதிக் கொடுத்தவருக்கு உரிமை இருந்ததை உறுதி செய்வது அன்று. ஆகவே தேடலில் கிடைப்பது முடிவு அன்று. நீதிமன்றத்தில் கேட்கத்தக்க வினாவும் அதற்குரிய புல எண்ணுமே ஆகும்.